‘அஜீர்’ என்பவர் யார்? தொழிலாளர் சட்டமும் அரியலூர், பெரம்பலூர் மண்ணும்

அரபுக் கல்லூரியில் பணியாற்றுவோரைத் தேடி ஊர்மக்கள் கொண்டுவரும் தாள்கள் பலவகையின. பழைய கிதாபின் கிழிந்த பக்கம், வக்ஃபு ஆவணம், கப்றுக்கல்லில் கண்டு எழுதிவந்த வரி என்பன ஒருபுறம். பெரம்பலூர் மாவட்டத்திலோ இவற்றினும் மிகுதியாக நம் கைக்கு வருவது வளைகுடா நாட்டு வேலை ஒப்பந்தம்தான். வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிகாட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும், எண்ணெய் விலை ஏறிய 1970களுக்குப் பின் தலைமுறை தலைமுறையாக மக்கள் வளைகுடாவுக்குச் சென்று வருகின்றனர். விமானச்சீட்டு வந்த பிறகு, பயணத்துக்கு இரண்டொரு நாள் முன்பாக, ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வருவர். வாயால் சொல்லப்பட்ட ஊதியம் ஒன்றாகவும் அரபு வரியில் எழுதப்பட்டிருப்பது வேறொன்றாகவும் இருப்பதை நாம் படித்துச் சொல்ல நேர்ந்த நாள்கள் உண்டு. அந்நாள்களில் நம் அரபுப் புலமை நமக்கே கசந்திருக்கிறது.

ஒருமுறை தந்தையொருவர் மூத்த மகனின் தாளைக் கொண்டுவந்தார். படித்து முடித்ததும், இளையவர் என்ன செய்கிறார் என்று வினவினோம். அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையொன்றில் ஒப்பந்தக்காரரிடம் மூட்டை ஏற்றுவதாகச் சொன்னார். அவருக்கு இத்தகைய தாள் ஏதேனும் உண்டா என்றோம். “அவனுக்கு ஏது தாள், ஹஜ்ரத்? மேஸ்திரி பேர்தான் தாள்” என்றார்.

ஆசிய நாடுகளின் வளர்ச்சியைப் பற்றி எழுதும் பொருளியலார் தொழிலாளர் சட்டம் கடுமையாக இருக்க வேண்டுமா, நெகிழ்வாக இருக்க வேண்டுமா என்றே பெரும்பாலும் வாதிடுகின்றனர். அரியலூர், பெரம்பலூர் மண்ணின் நூற்றாண்டு வரலாற்றை நோக்கும்போது, அவ்வினாவுக்கு முன்பே கேட்கவேண்டிய வினா ஒன்று எஞ்சி நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் யாருடைய தொழிலாளி? அவரிடமிருந்து விலகிச் செல்ல அவருக்கு வழி உண்டா? தொழிலின் செல்வம் யாரைச் சென்றடைந்தது, யாரிடம் சேராமல் நின்றது என்பதை இவ்விரண்டுமே பெரிதும் முடிவு செய்திருக்கின்றன.

இவ்வினாவை நம் ஃபிக்ஹு நூல்கள் நன்கு அறியும். கூலியைத் தாமதியாது கொடுக்கப் பணிக்கும் இப்னு மாஜாவின் ஹதீஸ் மேடைகள்தோறும் ஓதப்படுவது. ஆனால் இஜாராவின் பாபு அந்த ஒரு ஹதீஸோடு நின்றுவிடுவதன்று. மதரஸாக்களில் நாம் நடத்தும் ஹிதாயாவில் இமாம் மர்கீனானீ கூலிக்கு அமர்த்தப்படுவோரை இருவகையாகப் பிரிக்கிறார். ‘அஜீர் முஷ்தரக்’ பலருக்கும் பொதுவாகப் பணி செய்பவர். வேலையை முடித்துக் கொடுத்தாலே கூலிக்கு உரியவர் ஆவார். ‘அஜீர் காஸ்’ ஒருவருக்கே தம் நேரத்தை ஒப்படைத்தவர். அவர் ஆயத்தமாக வந்து நின்றுவிட்டால், வேலை கொடுக்கப்படாத போதும் கூலிக்கு உரிமை பெறுவார். உதுமானியப் பேரரசில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லத்துல் அஹ்காம்’ என்னும் சட்டத் தொகுப்பும் தன் இரண்டாம் நூலாகிய இஜாராவில் இப்பிரிவினையைச் சட்ட விதியாகவே அமைத்தது. பொதுக் கூலியாளுக்கு எடுத்துக்காட்டாக அது குறிப்பிடுவோருள் சுமை தூக்குவோரும் அடங்குவர். இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் மீண்டும் இங்கு வருவோம்.

இன்னொன்றும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் தக்க காரணம், அதாவது உத்ர், நேர்ந்தால் இஜாராவை முறித்துக்கொள்ள இடமுண்டு. ஷாஃபியீ மத்ஹபு இதில் இறுக்கமானது. சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் இயற்றிய சட்டமோ இவ்விரண்டையும் கடந்து வேறு திசையில் சென்றது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு விலகுவதை 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கடன் வழக்காக இருக்கவேண்டியது சிறைவாசமாயிற்று. ஹிதாயாவை 1791இலேயே சார்லஸ் ஹாமில்டனைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்ட அரசு, இந்த இடத்தில் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை போலும்! அச்சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது.

அக்காலத்தில் பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டங்கள். வானம் பார்த்த கரிசல் நிலம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆளெடுக்கும் கங்காணிகள் பெரிதும் நாடிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி ஒன்று. ஊரில் கடன் அடைக்க முன்பணம், வழிச்செலவு, தோட்டத்துக் கடையில் அரிசிப் பற்று என்று கங்காணியின் கணக்கில் கடன் ஏறும். அந்தக் கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். தமிழ்ச்சொல்லாகவே அது இலங்கையின் ஆங்கில அரசாணைகளுக்குள்ளும் ஏறிற்று. துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் ஏற்காது. வேறு தோட்டம் ஏற்குமாயின் கடனும் கூடவே பெயரும். ஆளை மாற்றிக்கொள்ளும்போதெல்லாம் கடன் ஏறிற்றே தவிர இறங்கவில்லை. விலகி ஓடினோரை 1865ஆம் ஆண்டின் இலங்கைப் பணி ஒப்பந்தச் சட்டம் சிறைக்கு அனுப்பியது.

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இலங்கையில் வந்தது. தோட்ட வாழ்வு அதனால் இனித்துவிடவில்லை என்பதை யாவரும் அறிவோம். ஆயினும் நம் வினாவுக்கு வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. தொழிலாளி விலகிச் செல்லலாம் என்றான பிறகு இலங்கைத் தேயிலைத் தொழில் சுருங்கவில்லை. 1920களில் அது வளர்ந்தது. 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியே அதனைத் தாக்கியது. அது சட்டத்தால் நேர்ந்த தாக்குதலன்று.

கடலுக்கு அப்பால் சென்றவர்களின் கதையை இவ்வளவில் நிறுத்தி, மண்ணில் தங்கியவர்களிடம் வருவோம். அரியலூரின் அடியில் கிடப்பது கடல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கு நின்ற கடலின் சிப்பிகளும் நத்தைகளும் சுண்ணாம்புக்கல்லாக உறைந்திருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே புவியியலார் எழுதிவைத்தனர். அந்தக் கல்லே இம்மாவட்டத்தின் தொழில். அண்டைப் பகுதியான கல்லக்குடியில் 1939இல் டால்மியாவின் ஆலை எழுந்தது. பொதுத்துறையின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் ஆலை 1979இல் அரியலூரில் இயங்கத் தொடங்கியது. 1990களிலும் 2000களிலும் ஆலத்தியூர், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தாமரைக்குளம் எனத் தனியார் ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. மாவட்டமோ அதே காலத்தில் பிறந்தும் மறைந்தும் மீண்டும் பிறந்தும் வந்தது. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் இறுதியாகத் தனி மாவட்டமாயிற்று.

சிமெண்டு ஆலை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால்தான் சட்டம் அதில் எங்கே நுழைந்தது என்பது புலப்படும். ஒரு முனையில் சுரங்கம். வெடி வைத்து உடைத்த கல்லை லாரிகள் கொண்டு வருகின்றன. நடுவில் கல்லை அரைத்து, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டுக் கிளிங்கராக்கும் நீண்ட உருளைச் சூளை. மறுமுனையில் கிளிங்கரை ஜிப்சத்துடன் அரைத்து 50 கிலோ மூட்டைகளாகக் கட்டி ஏற்றும் இடம். நடுவில் உள்ள சூளை பெரும்பொருள் விழுங்குவது, ஆனால் சில பேரைக் கொண்டே இயங்குவது. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் பொறியாளர்கள் அதனைத் திரையில் பார்த்தபடி நடத்துவர். ஆள்பலம் வேண்டியது இரு முனைகளில்தான். நிரந்தரப் பணி நடுவிலும், ஒப்பந்தப் பணி முனைகளிலும் தங்கியதற்கு இவ்வமைப்பே முதற்காரணம்.

இரண்டாம் காரணம் சட்டம். சிமெண்டுத் தொழிலுக்கென 1950களின் இறுதியில் மத்திய அரசு அமைத்த ஊதியக் குழு, இத்தொழிலில் ஒப்பந்த முறை ஒழியவேண்டும் என்று பரிந்துரைத்தது. அன்றைய நிலையில் இது துணிவான பரிந்துரை. ஆனால் அதில் ஒரு விலக்கு இருந்தது: மூட்டை ஏற்றி இறக்கும் வேலை நீங்கலாக. மஜல்லாவில் பொதுக் கூலியாளாக எண்ணப்பட்ட சுமை தூக்குவோரை வாசகர் இப்போது நினைவுகூரலாம். நம் சட்ட அறிஞர்கள் கண்ட சுமைகாரர் கடைத்தெருவில் நின்று, கூப்பிடுவோருக்கெல்லாம் சுமப்பவர். அவருக்கு இன்று இந்த வணிகர், நாளை மற்றொருவர். ஒரே ஆலையின் வாயிலுக்குள் ஆண்டுக்கணக்காக ஒரே ஆலையின் மூட்டையைச் சுமப்பவர் அவ்வகையைச் சார்ந்தவரா? ஹிதாயாவை நடத்தும் வகுப்பில் இவ்வினாவை நாம் மாணவர்முன் வைப்பதுண்டு. அவர் தம் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்தவர். எனவே அவர் ‘அஜீர் காஸ்’ என்பதே நம் கருத்து. வேலையின் பெயர் சுமை என்பதால் உறவின் தன்மை மாறிவிடாது.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. நிலையான தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய அரசுக்கு அது அதிகாரம் அளித்தது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்கவேண்டும் என்றது. அதன் விதிகளோ, நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் செய்பவருக்கு அதே ஊதியம் என்றன. தடை விதிக்கப்பட்டால் அத்தொழிலாளி தானாகவே ஆலையின் தொழிலாளி ஆகிவிடுவார் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் ஏர் இந்தியா வழக்கில் தீர்ப்பளித்தது. 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றி, அவ்வாறு தானாக ஆகிவிடுவதில்லை என்றது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால் தொழிலாளி நிரந்தரமாவதும் உண்டு, வேலையே இழந்து வெளியேறுவதும் உண்டு என்றாயிற்று. அதற்குப் பின் தடையைக் கோரும் ஊக்கம் தொழிலாளரிடமே குன்றியதில் வியப்பில்லை.

480 நாள்கள் பணியாற்றியோரை நிரந்தரமாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1981இல் வந்தது. 24 மாதங்களில் 480 நாள்கள் என்பது கணக்கு. நல்ல சட்டம். ஆனால் யாரிடம் 480 நாள்கள் என்ற கேள்வி வரும்போது, ஒப்பந்தக்காரர் மாறியிருப்பார். ஆளும் இடமும் மூட்டையும் மாறியிரா. இதனோடு மற்றொரு சிக்கலும் சேரும். சிமெண்டும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் தொழில் தகராறுகளில் மத்திய அரசின் பொறுப்பில் உள்ளவை. ஆதலால் சுமைப்பணியாளரின் வழக்கு மாவட்டத்திலுள்ள மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தின் வாயிலில் தீராது. மத்தியத் தொழிலாளர் ஆணையரின் அமைப்பை நாடிப் போகவேண்டும். ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துச் செலவும் செய்து, தன் மேஸ்திரிக்கு எதிராக அங்கே சென்று நிற்பவர் எத்தனை பேர்?

இந்தியாவின் பதிவுபெற்ற ஆலைத் தொழிலாளருள் ஒப்பந்தத் தொழிலாளர் 1990களின் இறுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 2020களில் ஐந்தில் இருவர். சிமெண்டு அந்த விகிதம் மிகுந்த தொழில்களுள் ஒன்று. 2017இல் வெளிவந்த தமிழ்நாட்டு மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் மாவட்டங்களுள் கன்னியாகுமரி முதலிடமும் அரியலூர் கடைசி இடமும் பெற்றன. இத்தனை ஆலைகள் புகை கக்கும் மாவட்டம் கடைசி இடத்தில் நிற்பதற்குத் தொழிலாளர் சட்டமே காரணம் என்பது பேதைமை. நீரின்மை, நெடுநாள் கல்விக் குறை, மானாவாரி வேளாண்மை எனக் காரணங்கள் பல. ஆயினும் ஆலையின் வருவாய் ஊதியமாக ஊருக்குள் பாயும் வாய்க்கால் எவ்வளவு குறுகியது என்பதை இந்த இடம் காட்டவே செய்கிறது. நிரந்தரப் பணியாளரின் வீட்டில் வருங்கால வைப்புநிதியும், மருத்துவமும், பிள்ளைகளின் பொறியியல் படிப்பும் உள்ளன. ஒப்பந்தப் பணியாளருக்கும் வைப்புநிதி சட்டப்படி உரியதே. ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் அது எந்தக் கணக்கில் நின்றது என்று தேடவேண்டியதாகிறது.

பொருளியலாரின் வாதத்தையும் ஈண்டுச் சிறிது கூறவேண்டும். லண்டன் பொருளியல் கல்லூரியின் டிமோதி பெஸ்லியும் ராபின் பர்ஜெஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. 1958 முதல் 1992 வரை மாநிலங்கள் தொழில் தகராறு சட்டத்தில் செய்த திருத்தங்களைக் கொண்டு, தொழிலாளர் சார்பு மாநிலங்கள், முதலாளி சார்பு மாநிலங்கள் என்று பிரித்து, முன்னவற்றில் ஆலை உற்பத்தி பின்தங்கியது என்று அது முடிவு கண்டது. முதலாளி சார்பின் பட்டியலில் தமிழ்நாடு இருக்கிறது, கேரளமும் இருக்கிறது! கேரளத்தை முதலாளி சார்பு மாநிலம் என்று கொள்ளும் அளவுகோலைக் கண்டு அங்குள்ள முதலாளிகளே நகைத்திருப்பர். டெல்லியின் ஆதித்ய பட்டாசார்ஜி 2006இல் இவ்வகைப்படுத்தலின் குறைகளை விரிவாக எடுத்துரைத்தார். சட்டப் புத்தகத்தின் வரியை எண்ணுவதும், அவ்வரி யாரைச் சென்று தொட்டது என்று காண்பதும் ஒன்றாகா. நூறு பேருக்கு மேல் உள்ள ஆலை ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி பெறவேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் திருத்தம் சொன்னது. அது வளர்ச்சியைத் தடுத்தது என்பார் உளர், இருக்கலாம். மூட்டை ஏற்றுமிடத்தைப் பொறுத்தவரை அத்திருத்தம் ஒரு காற்றுப்போல மேலே கடந்து சென்றது. காத்தது குறைவு, ஆனால் நிரந்தரமாக ஆள் சேர்ப்பதில் ஆலைகளுக்கு அச்சத்தை வளர்த்தது. அச்சட்டத்தின்மேல் நமக்குள்ள குறை இதுவே.

இனி மூத்த மகனின் தாளுக்குத் திரும்புவோம். வளைகுடாவில் தொழிலாளரைப் பிணிக்கும் முறைக்குக் ‘கஃபாலா’ என்று பெயர் வழங்குவது அரபு படித்தோரை வருந்தச் செய்வது. ஃபிக்ஹில் கஃபாலா என்பது பிணையம். பிறர் கடனுக்குப் பொறுப்பேற்கும் கஃபீலின் தலைமேல்தான் சுமை. நடைமுறையிலோ சுமை முழுவதும் தொழிலாளியின் தலைமேல் வந்துவிட்டது. இம்முறை இன்றைய வடிவம் பெற்றதில் வளைகுடாவில் ஆதிக்கம் செலுத்திய ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் பங்குண்டு என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். முதலாளியின் ‘ஆட்சேபனை இல்லை’ என்னும் சான்று இல்லாமல் வேறு வேலைக்குப் போக முடியாது என்ற விதி, நம் பாட்டன்மார் கண்ட துண்டின் மறுபிறப்பே எனலாம்.

ஐக்கிய அரபு அமீரகம் 2011 சனவரியில் இவ்விதியைத் தளர்த்தியது. ஒப்பந்தக் காலம் முடிந்தவர் பழைய முதலாளியின் சான்று இல்லாமலே வேறிடம் சேரலாம் என்றது. இதன் விளைவை சுரேஷ் நாயுடு, யா நியார்கோ, ஷிங்-யி வாங் ஆகியோர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். ஒப்பந்தம் முடிந்தவர்களின் ஊதியம் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது. இதிலும் வியப்பு, பெரும்பாலோர் பழைய முதலாளியிடமே தங்கினர் என்பது. விலக முடியும் என்ற நிலையே அவர்களைத் தக்கவைக்க முதலாளியைச் சற்று ஈயச் செய்தது. நாட்டைவிட்டே வெளியேறுவோர் குறைந்தனர். மறுபுறத்தையும் சொல்லவேண்டும்: புதிதாக அழைக்கப்படுவோரின் தேவை குறைந்தது. உள்ளிருப்பவருக்குக் கிடைத்த நன்மையின் விலையில் ஒரு பங்கை, லெப்பைக்குடிகாட்டில் விசாவுக்குக் காத்திருக்கும் இளைஞர் போன்றோர் கொடுத்தனர். கத்தார் 2020இலும் சவூதி அரேபியா 2021இலும் தத்தம் முறைகளைத் தளர்த்தின. ஒரு நிறுவனத்தின் தொழிலாளரை இன்னொன்றுக்குத் தற்காலிகமாக அனுப்பும் சவூதித் திட்டத்துக்கு ‘அஜீர்’ என்றே பெயர் சூட்டியிருக்கின்றனர். நம் பழைய சொல் இப்படி ஒரு புது வேலையில் அமர்ந்திருக்கிறது.

எறையூரில் நிகழ்ந்தது இன்னொரு பாடம். சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கான 2005ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின், பெரம்பலூர் மாவட்டத்தில் இவ்வட்டாரத்தில் பெருமளவு நிலம் தனியார் மண்டலமொன்றுக்காக வாங்கப்பட்டது. அத்தகைய மண்டலங்களில் தொழிலாளர் ஆணையரின் அதிகாரங்களை வளர்ச்சி ஆணையரிடமே ஒப்படைக்கலாம்; முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ய இயலாதபடி பொதுப்பயன் சேவையாக அறிவிக்கவும் அன்றைய சட்டத்தில் இடமிருந்தது. ஆலை வருவதற்கு நெகிழ்வான சட்டமே போதும் என்பது உண்மையாயின், அங்கு ஆலைகள் நெருங்கி நின்றிருக்கவேண்டும். ஆண்டுகள் பல கழிந்தும் மண்டலம் உருப்பெறவில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் விளைந்த காடு கருவேலங்காடாயிற்று. 2022ஆம் ஆண்டின் காலணித் தொழிற்கொள்கைக்குப் பின், அவ்வாண்டு நவம்பர் 28 அன்று எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜெயங்கொண்டம் அருகே 2024 நவம்பரில் தைவான் நிறுவனமொன்றின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்தக் காலணி நம் மாவட்டங்களை வந்தடைந்த வழியை நினைத்துப் பார்க்கவேண்டும். 1970களிலும் 80களிலும் உலகுக்குக் காலணி தைத்தவை கொரியாவின் பூசானும் தைவானும். கொரியாவில் 1953 முதலே நல்ல தொழிலாளர் சட்டம் இருந்தது. இருந்ததே தவிர நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று சியோலில் ஜியோன் தே-இல் என்னும் 22 வயதுத் தையல் தொழிலாளி, அச்சட்டப் புத்தகத்தோடு தம்மைத் தீக்கிரையாக்கிக் கொண்டார். அச்செயலை நம் மார்க்கம் ஏற்காது. ஆயினும் அவர் கேட்டது புதுச்சட்டம் அன்று, இருந்த சட்டத்தை நடத்துங்கள் என்பதே என்பது நோக்கத்தக்கது. 1987இல் கொரியத் தொழிலாளர் பெருந்திரளாக எழுந்தனர், ஊதியம் ஏறியது, காலணி ஆலைகள் பூசானைவிட்டுப் பெயர்ந்தன. சட்டமும் சங்கமும் ஆலையை விரட்டும் என்போருக்கு இது சான்றுதான். ஆனால் கொரியா வீழவில்லை. கப்பலும் காரும் மின்னணுவும் அவ்விடத்தை நிரப்பின. பெயர்ந்த ஆலைகள் சீனத்துக்கும், அங்கிருந்து வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் பரவின. சீனத்தின் தொங்குவான் நகரில் யூ யுவென் காலணி ஆலையின் பல்லாயிரவர் 2014 ஏப்ரலில் வேலையை நிறுத்தினர். சட்டப்படி தங்கள் பெயரில் செலுத்தவேண்டிய சமூகக் காப்பீட்டுத் தொகை முழுமையாகச் செலுத்தப்படவில்லை என்பது அவர்கள் குறை. அங்கும் சட்டம் இருந்தது.

இவ்வழியே வந்த காலணி இப்போது நம் பெண்மக்களின் கையில் இருக்கிறது. எறையூர்ப் பேருந்தில் காலையில் அடையாள அட்டையுடன் ஏறும் பெண்களைக் காண்கையில் நமக்கு மகிழ்ச்சியே. அவர்களுள் முக்காடிட்ட நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இவ்வேலை எத்தனை ஆண்டுகள் இங்கே தங்கும் என்பதை நாம் கணிக்கமாட்டோம். தங்கும் காலத்தில் அவர்கள் யாருடைய தொழிலாளர் என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதையே கேட்போம். ஆலை பெயர்ந்தாலும் பெயரோடு சேர்ந்த வைப்புநிதியும் பணிக்கொடையும் கைத்திறனும் அவர்களிடம் நிற்கும்.

29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கிய புதிய தொழிலாளர் சட்டங்கள் 2019, 2020ஆம் ஆண்டுகளில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. ஆட்குறைப்புக்கு அனுமதி வேண்டும் வரம்பு 100இலிருந்து 300 ஆயிற்று. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 20 பேருக்குப் பதிலாக 50 பேர் உள்ள இடங்களுக்கு என்றாயின. மூலத்தொழிலில் ஒப்பந்த முறை கூடாது என்னும் விதி இப்போது வெளிப்படையாக உண்டு. எவையெவை மூலத்தொழிலில் சேரா என்ற பட்டியலில், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஊதியக் குழு விலக்கி வைத்த ஏற்றுதல் இறக்குதலும் உண்டு. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும் என்பது அத்தொகுப்பின் நல்ல கூறு.

அந்தத் தந்தையை அண்மையில் சந்தித்தபோது, இளையவருக்கும் தாள் வந்துவிட்டது என்றார். மறுவாரம் அதைக் கொண்டுவந்தார். ஒரே பக்கம், ஆங்கிலத்தில். “இதையும் நீங்கள்தான் படித்துச் சொல்லணும், ஹஜ்ரத்” என்றார். வேலையளிப்பவர் என்னுமிடத்தில் ஒப்பந்தக்காரரின் பெயர் இருந்தது. ஆலையின் பெயர் கீழே, வேலை நடக்கும் இடம் என்ற வரியில் இருந்தது. பணியில் சேர்ந்த நாளாகச் சென்ற மாதத்தின் முதல் தேதி குறிக்கப்பட்டிருந்தது. இளையவர் அங்கே மூட்டை ஏற்றத் தொடங்கி அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.